சோதனைச்சாவடியில் மட்டும் தட்டிய எஞ்சின்

எனக்குக் கோபம் வரக் காரணமே தேவையில்லை என்று என் மனைவி சொல்வாள். அது முழு உண்மையல்ல. காரணம் தேவை; ஆனால் கைக்குக் கிடைக்கிற முதல் காரணமே எனக்குப் போதும். அப்படிக் கிடைத்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவளுடைய தம்பியை நாலு வருடம் வீட்டுப் படி ஏறாமல் செய்தேன். அதுவும் என்னுடைய வீடு அல்ல. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவி வீட்டுக்குப் போவான். நானும் அப்படித்தான் தேற்றாத்தீவுக்கு வந்து சேர்ந்தேன். அந்த வீட்டுச் சுவருக்குக் கல் சுமந்தவன் அவளுடைய தம்பி.

எனக்கு ஒரு லொறி இருந்தது. ஆறு சிலிண்டர், காற்றுப் பிறேக், வாங்கும்போதே பழையது. நானும் அவனும் மாறி மாறி ஓட்டினோம். தேங்காய், நெல், சீமெந்து, எது கிடைத்தாலும் ஏற்றுவோம். அவன் என்னை அத்தான் என்பான். நான் அவனைத் தம்பி என்பேன். அவனுடைய குணம் எனக்கு நேர்மாறு. ஒரு விஷயத்தை ஒரு தடவை சொல்வான், அதற்கு மேல் சொல்லமாட்டான்.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை லொறி கடற்கரையோரத் தென்னந்தோட்டத்தில் நின்றது. காலையில் தேங்காய் ஏற்றுவதற்காக முதல் நாளே கொண்டுபோய் விட்டிருந்தோம். மாமி, என் மனைவியின் தாய், அன்று மீன் வாங்கக் கடற்கரைக்குப் போனவர். அவரை மூன்றாம் நாள்தான் கண்டெடுத்தோம். அந்த நாட்களைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் முடியாது, முயன்று பார்த்துவிட்டேன்.

லொறியை ஒரு கிழமை கழித்து உழவு இயந்திரம் கட்டி இழுத்தோம். தோட்டத்து வேலியைத் தாண்டிச் சேற்றில் சரிந்து கிடந்தது. விற்றுவிடலாம் என்றேன். யார் வாங்குவார்கள் என்று அவன் கேட்டான். மாமியின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த மறுநாள் இருவரும் முற்றத்தில் குந்தி வேலையைத் தொடங்கினோம். பேசிப் பிரித்துக்கொண்டது இதுதான்: எஞ்சின் என் பங்கு, பிறேக்கும் சில்லுகளும் அவன் பங்கு. நான் எஞ்சினைத் திறந்து டீசல் ஊற்றிக் கழுவினேன், மூன்று தடவை ஒயில் மாற்றினேன். அவன் ஒவ்வொரு சில்லாகக் கழற்றி மண்ணைச் சுரண்டினான். வேலை செய்தபடியே அவன் அழுவான். நான் பார்க்காதமாதிரி இருப்பேன். லொறி மறுபடியும் ஓடியது. காற்றின் அளவைக் காட்டும் முள் மட்டும் உப்புத்தண்ணீரில் செத்துப்போயிருந்தது, அதை மாற்றவில்லை. பிறேக் பிடிக்கிறதா இல்லையா என்று காலுக்குத் தெரியாதா என்ன என்று விட்டுவிட்டோம்.

பிறகு சண்டை மறுபடி மூண்டது. வாகரைப் பக்கத்துச் சனமெல்லாம் இடம்பெயர்ந்து வந்து கொட்டில்களில் இருந்த காலத்தில்தான் எனக்கு அந்த மூட்டுக் காய்ச்சல் வந்தது. ஊரில் பாதிப்பேர் குனிந்தபடி நடந்த காலம் அது. ஒரு மாதம் என்னால் கதவுத் தாழ்ப்பாளைக்கூடத் திருப்ப முடியவில்லை. லொறியை அவன் தனியாக ஓட்டினான். காய்ச்சல் விட்டதும், அவன் ஓட்ட, நான் பக்கத்தில் ஏறிக்கொண்டு நகரத்துக்குப் போனேன்.

சோதனைச்சாவடி வரிசையில் நின்றபோது கேட்டது. எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல டொக், டொக், டொக். லொறி ஓட்டுகிறவனுக்கு அந்தச் சத்தம் தெரியும். எஞ்சினின் அடியில் பெயாரிங் தேய்ந்தால் அப்படித்தான் தட்டும். அது தேய்வது பெரும்பாலும் ஒயில் இல்லாமல் ஓட்டினால். ஒரு நொடியில் முடிவுக்கு வந்துவிட்டேன்: நான் படுக்கையில் கிடந்த மாதத்தில் இவன் ஒயில் பார்க்காமல் ஓட்டியிருக்கிறான்.

என் முகம் மாறியதை அவன் கண்டிருக்க வேண்டும். எஞ்சின் இரைச்சலுக்கு மேலால் சொன்னான்.

"அத்தான், காத்து நிரம்பினா இது நிக்கும், பாருங்க."

எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. காற்றுக்கும் எஞ்சின் தட்டுவதற்கும் என்ன சம்பந்தம், பிழையை மறைக்க எதையோ உளறுகிறான் என்று நினைத்தேன். பதில் சொல்லவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. முன்னால் நின்ற பஸ்ஸின் பின்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசை நகர்ந்தது.

நகரத்தில் ஒரு கராஜில் நிறுத்தினோம். அங்கிருந்த மெக்கானிக் லொறிக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. வாசலில் நின்றபடி காதைக் கொடுத்தான். "அடி பெயாரிங் முடிஞ்சுது. ஒயில் இல்லாம ஓடியிருக்கு," என்றான். நான் ஏற்கெனவே எழுதிவைத்த தீர்ப்பை அவன் வாசித்தான், அவ்வளவுதான். அத்தனை பேருக்கு முன்னால் தம்பியைப் பார்த்துக் கத்தினேன்.

"நான் ஒவ்வொரு நாளும் ஒயில் கம்பிய இழுத்துப் பாத்துத்தான் எடுத்தன், அத்தான்."

"பொய் சொல்லாத! பாத்திருந்தா இது எப்பிடி அடிக்கும்?"

என் லொறியை நீ கொன்றுவிட்டாய் என்றேன். வேறும் சொன்னேன். உன் தாயைக் கடல் தின்ற கையோடு நாங்கள் உயிர் கொடுத்து எழுப்பிய லொறி என்றேன். அந்தப் பேச்சில் அவனுடைய தாயை இழுத்ததற்கு எந்தத் தேவையும் இல்லை. அவன் லொறித் திறப்பை உருவி ஆசனத்தில் வைத்துவிட்டு இறங்கிப் போனான். காற்றைப் பற்றி மறுபடி ஒரு சொல் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது என் மனைவிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவன் முந்திக்கொண்டு வந்து உடுப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவள் கத்தவில்லை.

"இது என்ட வீடு. கோவிச்சுக்கொண்டு இஞ்சயிருந்து ஒராள் போறதெண்டா அது நீங்களாத்தான் இருந்திருக்கோணும்," என்றாள்.

பிறகு சோறு போட்டாள். அதற்குப் பிறகும் நாலு வருடம் வேளை தவறாமல் போட்டாள். ஆனால் வருடப் பிறப்பு வந்தால், தாயின் ஆண்டுத் திவசம் வந்தால், தம்பிக்கு என்று ஒரு தட்டில் எடுத்து மூடி வைப்பாள். அந்தத் தட்டை நான் கடந்து போகவேண்டியிருக்கும். அவன் வரவில்லை. வாழைச்சேனைப் பக்கம் யாருடைய லொறியையோ ஓட்டுகிறான் என்று கேள்விப்பட்டோம். தாய் இல்லை, கல்யாணம் இல்லை. அவனுக்கு இருந்தது அந்த ஒரு வீடுதான். அதை நான் அடைத்துவிட்டிருந்தேன். அவன் திரும்பி வரவேண்டும் என்பது மட்டும்தான் அவளுக்கு வேண்டியிருந்தது. அதற்கு நான் பிழை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நான் பிழை என்று எனக்குத் தெரியவில்லை.

எஞ்சினை அந்த மெக்கானிக்கிடம் திறக்கக் கொடுக்கவில்லை. அந்தக் காலத்தில் உதிரிப்பாகம் கொழும்பிலிருந்து வரவேண்டும். வழியில் எத்தனை தடை என்று யாருக்குத் தெரியும். உடைகிறவரை ஓடட்டும் என்று மெதுவாக ஓட்டினேன். அது உடையவில்லை. அதோடு ஒரு விசித்திரம். பாதையில் ஓடும்போது சத்தம் இல்லை, சோதனைச்சாவடிக்கு வந்தால் தட்டும். ஒவ்வொரு சாவடியிலும், தப்பாமல். வரிசையில் நின்ற மற்ற றைவர்மார் பகிடி பண்ணுவார்கள்.

"உங்கட லொறிக்கு நம்மளவிடப் பயம் கூட. நெஞ்சு இடிக்கிறது வெளிய கேட்குது."

நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் அதைக் கொஞ்சம் நம்பவும் தொடங்கியிருந்தேன். எனக்கும் அதே இடங்களில்தான் நெஞ்சு இடித்தது. காலையில் வீட்டில் எஞ்சினை எழுப்பும்போதும் சிறிது நேரம் தட்டும். அது குளிருக்கு, எல்லாப் பழைய எஞ்சினும் காலையில் அப்படித்தான் என்று தள்ளிவிடுவேன். இப்போது நினைத்தால், எல்லாம் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது.

யுத்தம் முடிந்தது. சாவடிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. பீப்பாய்களும் மண்மூட்டைகளும் இல்லாமல் பாதை நீளமாய்த் தெரிந்தது. காலைத் தட்டலைத் தவிர மற்றச் சத்தமும் நின்றுவிட்டது. நான் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"பாத்தியா, பக்குவமா ஓடினா எஞ்சின் தானாச் சுகப்படும்."

அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "எஞ்சின் நல்லா இருக்கெண்டா, தம்பி என்ன பிழை செய்தவன்?" என்று கேட்டாள்.

தேய்ந்த இரும்பு தானாக வளராது. அது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போனால் எங்கே போய் நிற்பேன் என்று பயம். எழுந்து வெளியே போய் டயருக்குக் காற்றடித்தேன். டயர் நன்றாகத்தான் இருந்தது.

அதற்கு ஒன்றரை வருடம் கழித்து, தைப்பொங்கலுக்கு முன்னும் பின்னும், பெரிய வெள்ளம் வந்தது. வாவி வயலுக்கு வந்தது, பாதைகள் அரித்துப்போயின. வெள்ளம் வடிந்ததும் பனிச்சங்கேணிக்குக் கூரைத் தகரம் ஏற்றும் வேலை கிடைத்தது. பாதை முழுக்கப் பள்ளம். பத்து அடி போவேன், பிறேக் மிதிப்பேன், மறுபடி பத்து அடி. பாதி வழியில் தொடங்கியது, டொக், டொக், டொக். ஒரு சாவடியும் இல்லாத பாதையில்.  தகரத்தை இறக்கிவிட்டு நேரே நகரத்துக்கு விட்டேன், இந்தமுறை வேறு ஆளிடம்.

அவர் பறங்கியர், போர்த்துக்கேயர் வழி வந்தவர். அவருடைய ஆட்கள் நகரத்தில் தச்சு வேலையும் இரும்பு வேலையும் செய்து பேர் எடுத்தவர்கள். எல்லாரும் அவரைப் பாஸ் என்று கூப்பிடுவார்கள். கடலோரத்தில் இருந்த பழைய கராஜைச் சுனாமி கொண்டுபோய்விட்டதால், இப்போது ஒரு தகரக் கொட்டிலில் வேலை செய்தார். லொறியைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இது கடல் குடிச்சதா?"

"ஓம். கழுவிட்டம்."

"எல்லாரும் கழுவினதுதான்," என்றார்.

அடி பெயாரிங், ஒயில் இல்லாமல் ஓடியது என்று சொல்லிவைத்தேன்; அவர் எஞ்சினை ஓடவிடச் சொன்னார். தட்டியது. ஒரு நீளமான மரக்குச்சியை எடுத்து ஒரு முனையை எஞ்சினில் ஊன்றி, மறு முனையைக் காதில் வைத்துக்கொண்டார். பிறகு ஸ்பானரை எடுத்து, முதலாம் சிலிண்டருக்கு டீசல் போகும் குழாயின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தினார். அப்படிச் செய்தால் அந்தச் சிலிண்டர் மட்டும் வேலையை நிறுத்தும். சத்தம் குறைந்தால் குற்றவாளி அதுதான். குறையவில்லை. நட்டை இறுக்கிவிட்டு இரண்டாவது. பிறகு மூன்றாவது. ஆறையும் பார்த்தார். சத்தம் துளியும் மாறவில்லை.

"உங்கட அடி பெயாரிங்குக்கு ஒண்டும் இல்ல. பெயாரிங் எண்டா ஒரு சிலிண்டரிலயாவது குறையும். ஆரு சொன்ன ஒயில் இல்லாம ஓடின எண்டு?"

 ஐந்தே நிமிடம் பிடித்த அந்தச் சோதனையை, நாலு வருடத்துக்கு முன்பு அந்த மெக்கானிக்கும் செய்யவில்லை, செய்யச் சொல்லி நானும் கேட்கவில்லை.

"எங்க வெச்சு அடிக்கிற?"

"முந்தி செக்பொயின்டில மட்டும் அடிச்சது. பிறகு நிண்டுபோச்சு. இப்ப வெள்ளத்துக்குப் பிறகு அடிக்குது."

அவர் சிரிக்கவில்லை. "செக்பொயின்டில என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

எனக்கு வழமையான கோபம் வந்தது. "என்ன செய்யிற? நிப்பன். இறங்குவன். அடையாள அட்டை காட்டுவன்."

"அதில்ல. உங்கட கால் என்ன செய்யும்?"

கால் பிறேக்கில் இருக்கும். வரிசையில் அடிக்கு அடி பிறேக். பீப்பாய்க்குப் பீப்பாய் பிறேக். சொல்லி வாய் மூடவில்லை, லொறிக்கு அடியில் உஸ் என்று காற்று வெளியேறியது. சத்தம் நின்றது. எஞ்சின் சீராக, சொகுசாக ஓடிக்கொண்டிருந்தது.

"இப்ப பிறேக்க மிதிங்க. விடாம மிதிங்க," என்றார்.

மிதித்தேன். ஏழாவதோ எட்டாவதோ மிதியில் டொக், டொக் தொடங்கியது. காலை எடுத்துவிட்டுக் காத்திருந்தோம். மறுபடி உஸ்; மறுபடி அமைதி. மூன்று தடவை செய்தோம். முதல் தடவையே எனக்கு விளங்கிவிட்டது. மற்ற இரண்டும் அவர் செய்யச் சொன்னதால் செய்தேன். அத்தான், காத்து நிரம்பினா இது நிக்கும், பாருங்க. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பாஸ் இறங்கச் சொன்னது எனக்கு உறைக்கவில்லை, கதவில் தட்டினார்.

எஞ்சினின் பக்கத்தில் ஒரு சின்னக் கம்பிரஸர் ஒட்டிக்கொண்டிருக்கும். பிறேக்குக்கு வேண்டிய காற்றை அடிப்பது அதுதான். காற்றுக் குறைந்தால் பாரம் இழுக்கும், நிரம்பினால் சும்மா சுற்றும். பாரம் இழுக்கும்போதுதான் அதன் பெயாரிங் தட்டியது. கழற்றிக் காட்டினார். எஞ்சினிலிருந்து அதற்கு ஒயில் போகும் குழாய், என் சுண்டுவிரலைவிட மெல்லியது, உள்ளே சாம்பல் நிறத்தில் இறுகிப்போயிருந்தது. கம்பியால் குத்த மணல் உதிர்ந்தது. ஆறு வருடத்துக்கு முந்திய கடற்கரை மணல். அதை அவர் ஒரு கடதாசியில் தட்டியபோது என்னால் பார்க்க முடியவில்லை.

எஞ்சின் என் பங்கு, பிறேக் அவன் பங்கு என்று பிரித்தோமே. எஞ்சினில் ஒட்டிக்கொண்டு பிறேக்குக்கு வேலை செய்கிற இந்தச் சாமானை அது அவனுடையது என்று நான் விட்டேன், என்னுடையது என்று அவன் விட்டான். குழாய் தொடங்குவது என் எஞ்சினில். நியாயமாகப் பார்த்தால் பிழை என்னுடையது. இதில் நியாயம் பிரித்துப் பார்க்க எனக்கு வெட்கமாகவும் இருந்தது.

"இன்னும் கொஞ்சம் போயிருந்தா இது இறுகியிருக்கும். பாரத்தோட பிறேக் இல்லாம நிண்டிருப்பீங்க," என்றார் பாஸ்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காற்று விஷயத்தை அவன் அன்றே சொன்னான் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். அவள் கேட்டு முடித்துவிட்டு, "எனக்கேன் சொல்றீங்க? அவனிட்டப் போய்ச் சொல்லுங்க," என்றாள். கம்பிரஸரைச் சரிசெய்து பூட்டிய மறுநாள், வாழைச்சேனைக்குப் பக்கத்தில் இருக்கும் பாசிக்குடாவுக்குப் போனேன். அங்கே கடற்கரையில் ஹோட்டல்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அவன் ஒரு டிப்பர் ஓட்டி மண் கொட்டிக்கொண்டிருந்தான்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். டிப்பரின் நிழலில் இருந்து சோற்றுப் பார்சலை விரித்திருந்தான். தலைமயிரில் நரை விழுந்திருந்தது. என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தான். இருக்கச் சொல்லிவிட்டு நானும் மண்ணில் குந்தினேன். அக்கா சுகமா என்று கேட்டான். சுகம் என்றேன். வழியெல்லாம் நான் ஒத்திகை பார்த்து வந்த பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை. குழாய், மணல், கம்பிரஸர் என்று தாறுமாறாகச் சொன்னேன். நீ ஒயில் பார்த்துத்தான் ஓட்டினாய், நான் உன்னைப் பொய்யன் என்றேன், மாமியையும் இழுத்துப் பேசினேன், என்னை மன்னித்துவிடு என்றேன். இந்த வயதில் ஓர் ஆளிடம் அப்படிக் கேட்பது அதுதான் முதல் தடவை. அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். முகம் இளகிக்கொண்டு வந்தது. வந்துவிடுவான் என்று எனக்குத் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஒன்றையும் மறைக்கக்கூடாது என்று தோன்றியது.

"நீ அண்டைக்கே சொன்னாய், தம்பி. காத்து நிரம்பினா நிக்கும் எண்டு, வரிசையில வெச்சுச் சொன்னாய்."

அவன் நிமிர்ந்தான்.

"உங்களுக்குக் கேட்டதா?"

"கேட்டது."

கையில் இருந்த சோற்றை அவன் பார்சலிலேயே வைத்தான். 

"எஞ்சின் இரைச்சலில உங்களுக்குக் கேட்கல்ல எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சன்," என்றான். "அண்டைக்கு உடுப்பெடுக்க வந்தநேரம் அக்காட்டயும் அப்பிடித்தான் சொல்லி வெச்சன். அத்தானில பிழையில்ல, அவருக்குக் கேட்கல்ல. கேட்டிருந்தா அப்பிடிப் பேசியிருக்கமாட்டார் எண்டு."

 நாலு வருடம் எனக்காக அவன் பார்த்து வைத்திருந்த நல்ல காரணத்தை நானே போய்ப் பறித்துவிட்டு வந்தேன்.

சித்திரைப் புதுவருடத்துக்கு அவன் வீட்டுக்கு வந்தான். அக்கா தட்டில் போட்டதைச் சாப்பிட்டான், எங்கள் பிள்ளைகளோடு விளையாடினான். அடுத்த மாதம் லொறிக்கும் வந்தான். இன்றும் என்னோடு ஓடுகிறான்; ஒரு நாளும் பழையதை எடுத்துப் பேசியதில்லை. ஆனால் எஞ்சின் ஓடும்போது என்னோடு பேசமாட்டான். போன கிழமையும் பின் டயரில் காற்றுப் போய்விட்டது என்று சொல்ல வேண்டியிருந்தது. லொறியை ஓரங்கட்டச் சொல்லிக் கையைக் காட்டினான். குனிந்து, எஞ்சினை நிறுத்தும் கம்பியை இழுத்தான். இரைச்சல் முழுவதும் அடங்கும்வரை காத்திருந்து, என் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

"ஓம் தம்பி, கேட்டது," என்றேன்.